ரஸ்ட் பழகும் நாட்கள்

ஜனவரி 5

பைத்தானிலேயே பல ஆண்டுகள் நிரல் எழுதிவந்த நான் இன்று ரஸ்ட் மொழியைத் தொடங்கினேன். 2006இல் கிரேடன் ஹோர் தம் சொந்த முயற்சியாக ஆரம்பித்து, பின்னர் மொசில்லாவின் ஆதரவில் வளர்ந்து, 2015 மே மாதத்தில் 1.0 பதிப்பாக வெளிவந்த மொழி இது. நிறுவுவதில் சிக்கல் ஏதுமில்லை. கார்கோ என்னும் கருவியே கோப்புறையை அமைத்து, முதல் நிரலையும் எழுதி வைத்துவிடுகிறது.

ஜனவரி 7

'லெட்' என்று அறிவித்த ஒரு மாறிக்கு 5 என்ற மதிப்பைக் கொடுத்து, அடுத்த வரியில் அதை 6 ஆக்க முயன்றபோது, நிரலைக் கணினி மொழிக்கு மாற்றும் கம்பைலர் மறுத்துவிட்டது. மதிப்பு மாற வேண்டுமென்றால் 'மட்' என்ற சொல்லையும் சேர்த்து முன்கூட்டியே தெரிவிக்க வேண்டுமாம். மாறி என்ற பெயருக்கே இது பொருந்தவில்லையே என்று முதலில் தோன்றியது. ஆனால் பிறர் எழுதிய நிரலைப் படிக்கும்போது, எது மாறும், எது மாறாது என்பது அறிவிக்கும் வரியிலேயே தெரிந்துவிடுவது எவ்வளவு பெரிய நிம்மதி!

ஜனவரி 8

நிபந்தனைகளும் சுழற்சிகளும் பார்த்தேன். பெரும்பாலும் பழகியவைதாம்.

ஜனவரி 11

நான்கு நாட்களில் என்னை உண்மையாகவே நிறுத்தி யோசிக்க வைத்த பாடம் உரிமை பற்றியது. ஒரு சரத்தை, அதாவது எழுத்துகளின் தொடரை, முதல் மாறியில் வைத்து, அதை இரண்டாவது மாறிக்குக் கொடுத்துவிட்டு, பிறகு முதல் மாறியை அச்சிடச் சொன்னேன். நிரல் ஓடவே இல்லை. சரம் எந்த வரியில் கைமாறியது, எந்த வரியில் நான் அதை மீண்டும் கேட்டேன் என்று இரண்டு இடங்களையும் கோடிட்டுக் காட்டியது பிழைச்செய்தி. ஒரு மதிப்புக்கு ஒரே நேரத்தில் ஒரே உரிமையாளர்தான் இருக்க முடியும். அந்த உரிமையாளரான மாறி செல்லுபடியாகும் நிரல்பகுதி முடிந்ததும் நினைவகம் விடுவிக்கப்படும். இருவர் உரிமை கொண்டாடினால் அதே இடம் இருமுறை விடுவிக்கப்பட்டுவிடும் என்பதால்தான் இந்தக் கண்டிப்பு. முழு எண்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, அவை நகலெடுக்கப்படுகின்றன. சரத்தைப் பார்க்க மட்டும் வேண்டுமென்றால், நூலை இரவல் கொடுப்பதைப் போல, முன்னால் ஒரு குறியிட்டுக் கொடுத்தால் போதும்: படிப்பதற்கு எத்தனை பேர் வேண்டுமானாலும் இரவல் பெறலாம், திருத்துவதற்கு மட்டும் ஒருவர்தான், அவர் திருத்தி முடிக்கும்வரை வேறு யாரும் அதைத் தொடக் கூடாது.

ஜனவரி 14

'தமிழ்' என்ற சொல்லையே சரமாக வைத்து நீளம் கேட்டேன். 15 என்று வந்தது. ரஸ்ட் தன் சரங்களை, எழுத்துகளைப் பைட்டுகளாகக் குறிக்கும் யூடிஎஃப்-8 முறையில் வைத்திருப்பதாலும், நீளத்தைப் பைட்டுகளில் சொல்வதாலும், த, ம, இகரக் குறி, ழ, புள்ளி ஆகிய ஐந்தும் தலா 3 பைட்டுகளாகக் கணக்கில் வந்திருக்கின்றன. பைட்டுகளை விட்டு இந்தக் குறிகளை எண்ணச் சொன்னால் 5. நம் கண்ணுக்கோ த, மி, ழ் என்று எழுத்துகள் மூன்றுதான். பைத்தான் சொன்ன 5ஐ இத்தனை ஆண்டுகளாக நான் கேள்வியின்றி ஏற்றுவந்திருக்கிறேன். முதல் பைட்டை மட்டும் வெட்டியெடுக்கச் சொன்னபோது, அது எழுத்தின் நடுவில் விழுகிறது என்று கூறி நிரல் நின்றுவிட்டது. பாதி 'த' வெளியே வருவதைவிட அதுவே மேல்.

மாலையில் எழுத்துகளைப் பிரிப்பதற்கான ஒரு நூலகத்தை, அதாவது பிறர் எழுதிவைத்த நிரல்தொகுப்பை, சேர்த்து மீண்டும் ஓட்டினேன். 3 என்று வந்தது. பைட்டுகளையும் குறிகளையும் எழுத்துகளையும் எண்ணிய மூன்று செயற்கூறுகளுக்கும் (நிரலின் சிறு பகுதிகளுக்கும்) சரத்தை இரவலாகவே கொடுத்திருந்தேன் என்பதை நிரலை மூடும்போதுதான் கவனித்தேன்.