புள்ளியைத் தின்ற வரி

கொக்குவிலில் ஒரு ரியூசன் நிலையத்துக்கு மாணவர் அட்டை அடித்துக் கொடுப்பது என் பக்க வேலை. அதற்குப் பைத்தன் மொழியில் வேறு ஆட்கள் எழுதிய ஒரு சின்னத் திறமூல நிரல் (எவரும் திறந்து பார்த்துத் திருத்தக்கூடியது) வைத்திருக்கிறேன். பெயர், வகுப்பு, பார்கோட் மூன்றையும் ஒட்டுத்தாளில் அழகாக அடித்துத் தரும். ஆனால் ‘பாலசுப்பிரமணியம்’ என்று கொடுத்தால் ‘பாலசுப்பிரமணியம’ என்று வரும். “தம்பி, பிள்ளையின்ரை பேரிலை புள்ளி எங்கை?” என்று ஒரு தாய் வந்து நின்றுவிட்டார். கேட்கத்தானே வேண்டும்!

நிரலைத் திறந்தால் காரணம் ஒரே வரி: பெயரின் முதல் 15 குறிகளை எடு, மிச்சத்தை வெட்டு. எங்கள் கணக்கில் அந்தப் பெயர் பத்தே எழுத்து. கணினி எழுத்துகளைச் சேமிக்கிற யூனிகோட் முறையில் ‘பா’ என்றால் ப ஒன்று, கால் ஒன்று; ‘ப்’ என்றால் ப ஒன்று, புள்ளி ஒன்று. இப்படி எண்ணிப் போனால் 16 வரும். அந்தப் பதினாறாவதுதான் கடைசிப் புள்ளி.

அன்றைக்கு அட்டை அவசரம் என்பதால் என் கணினியில் 15ஐ 30 ஆக்கிவிட்டு வேலையை முடித்தேன். ஆனால் புதிய பதிப்பு வரும்போதெல்லாம் அதே வரியைத் தேடித் திருத்திக்கொண்டிருக்க எனக்குப் பஞ்சி. மூலத்திலேயே சரிசெய்தால் பிறகு நிரலைப் பராமரிப்பவர்களே பார்த்துக்கொள்வார்கள். திறமூலத்துக்குப் பங்களிப்பதைச் சிலர் தொண்டு மாதிரிப் பேசுகிறார்கள். என் விடயத்தில் அது முழுக்கச் சோம்பல்.

முதலில் நிரலின் மூலம் இருக்கிற கிட்ஹப் தளத்தில் இசூ (பிழை முறைப்பாடு) ஒன்று போட்டேன்: என்ன கொடுத்தேன், என்ன வந்தது, என்ன வரவேண்டும். பிறகு ஃபோர்க் (எனக்கென்று ஒரு பிரதி) எடுத்து, தனி பிராஞ்சில் (கிளையில்) மாற்றத்தை எழுதி, புல் ரிக்குவெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை) அனுப்பினேன். எழுத்து எழுத்தாகப் பிரிக்கிற ஒரு வெளி நூலகத்தை (வேறொருவர் எழுதிவைத்த நிரல் தொகுப்பை) அதில் பயன்படுத்தியிருந்தேன். பராமரிப்பவர் மரியாதையாக மறுத்தார். ஒரு வரித் திருத்தத்துக்காக எல்லாருடைய கணினியிலும் புதிதாக ஒன்றை நிறுவச் சொல்ல முடியாது என்றார். நியாயம்தான். பைத்தனோடு வருகிற யூனிகோட்டேட்டா தொகுப்பிலேயே ஒவ்வொரு குறிக்கும் ஓர் எண் தருகிற ‘கம்பைனிங்’ என்றொரு செயற்கூறு இருக்கிறதே, அது பூச்சியம் தராத குறிகளை முன்னெழுத்தோடு சேர்த்துவிட்டால் போதாதா என்று கேட்டார்.

இந்த இடத்தில்தான் தமிழ் தெரிந்தவன் தேவைப்பட்டான். அந்தச் செயற்கூறு புள்ளிக்கு 9 தரும். கால், கொம்பு, விசிறி என்று உயிர்க்குறிகளுக்கெல்லாம் பூச்சியம்தான். அதாவது புள்ளி தப்பும், வெட்டு அந்த இடத்தில் விழுந்தால் ‘ணி’யில் இருக்கிற விசிறி அறுந்துபோகும். அதற்குப் பதில் யூனிகோட் குறிக்கு வைத்திருக்கிற வகையைக் கேட்க வேண்டும்: புள்ளியும் ஈகாரக் குறியும் ‘எம்என்’ (Mn), மற்ற உயிர்க்குறிகள் ‘எம்சி’ (Mc). வகை ‘எம்’ என்று தொடங்கினால் முன்னெழுத்தை விட்டுப் பிரிக்காதே. நிரலில் அது நாலைந்து வரிக்கு மேல் இல்லை. வெளி நூலகமும் வேண்டாம்.

வாதாடிக்கொண்டிருக்காமல், நிரல் தோற்றால் சிவப்பும் தேறினால் பச்சையும் காட்டுகிற சோதனைகளாக எழுதி அனுப்பினேன். ‘யாழ்ப்பாணம்’ ஆறு எழுத்து, 11 குறி. ஆறுக்கு வெட்டினால் முழுசாக வர வேண்டும். ஐந்துக்கு வெட்டினால் ‘யாழ்ப்பாண’. தமிழ் வாசிக்கத் தெரியாதவரும் சிவப்பு, பச்சையைப் பார்த்து முடிவெடுக்கலாம் அல்லவா? அவருடைய யோசனையில் சிவப்பு, இதில் பச்சை. அதற்குப் பிறகு அவர் கேட்டது கொமிட் செய்தியில் (மாற்றத்தோடு போகிற குறிப்பில்) காரணத்தை இன்னும் ஒரு வரி எழுதச் சொல்லி மட்டும்தான்.

பல்கலைக்கழகத் தம்பிமார் சிலர், “அண்ணை, ரீட்மீயிலை எழுத்துப்பிழை திருத்தித் தொடங்கலாமோ?” என்று கேட்பதுண்டு. ரீட்மீ என்பது நிரலோடு வருகிற அறிமுகக் கோப்பு. பிழை உண்மையில் இருந்தால் தாராளமாகத் திருத்துங்கோ. 2020இல், திறமூலத்துக்குப் பங்களிப்பவர்களுக்கு ரீசேர்ட் கொடுத்த ஹக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வில், அந்த ரீசேர்ட்டுக்காகக் கண்டபடி ரீட்மீயைக் கிளறி அனுப்பியவர்களால் பராமரிப்பவர்கள் நொந்துபோய், அந்த நிகழ்வையே விரும்பிய திட்டங்கள் மட்டும் சேர்கிற மாதிரி மாற்ற வேண்டி வந்தது. உங்களுக்கே தலையிடி தருகிற ஒரு நிரலை எடுங்கோ. அனுப்பமுதல் எடிட்டரின் தானியங்கி ஒழுங்குபடுத்தலையும் நிறுத்திவிடுங்கோ. இல்லாவிட்டால் ஐந்து வரி மாற்றம் கோப்பு முழுக்க மாறிய மாதிரித் தெரியும். அதை வாசிக்க யாருக்குப் பொறுமை?

என் மாற்றம் அடுத்த பதிப்பிலேயே சேர்ந்துவிட்டது. பல குறிகளை ஒட்டிச் செய்த குடும்ப ஈமோஜி இன்னும் நடுவில் வெட்டுப்படுகிறது. அதைத் தனி இசூவாகப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். நான் அதைத் தொடப்போவதில்லை. எங்கள் பதிவேட்டில் ஈமோஜியில் பெயர் வைத்த பிள்ளை இதுவரை சேரவில்லை.