கூலி கொடுத்துவிட்டுக் கிளம்பிய திருப்பயணம்

அக்டோபர் வந்தால் கொங்கு நாட்டுக் கத்தோலிக்கர்களுக்குக் கருமத்தம்பட்டி நினைப்புதான். கோவையிலிருந்து அவிநாசி போகும் நெடுஞ்சாலையில், சோமனூருக்குப் பிரியும் இடத்தில் இருக்கிறது ஜெபமாலை மாதா கோவில். இப்போது அது பசிலிக்கா, பாப்பரசர் தனி மதிப்புக் கொடுத்த கோவில். தேர்த் திருவிழாவுக்கு முந்தின இரவு, திருப்பூரிலிருந்து மங்கலம், சோமனூர் வழியாக நடந்து போவது எங்கள் குடும்ப வழக்கம்.

மங்கலத்தைத் தாண்டி அத்தை வீடு. தறி ஓட்டும் குடும்பம். கூலித்தறிதான், வியாபாரி பாவும் நூலும் கொடுப்பார், நெய்து கொடுத்தால் மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி. நாங்கள் நடக்கக் கிளம்பிய சனிக்கிழமை வியாபாரியிடமிருந்து வரவேண்டிய பணம் வரவில்லை. நாங்கள் கையில் ஜெபமாலையோடு வாசலில் நிற்கிறோம். அத்தை உள்ளே தறி ஓட்டுகிறவர்களுக்குச் சம்பளம் எண்ணிக்கொண்டிருக்கிறார். மருமகளின் வளைகாப்புக்கென்று எடுத்து வைத்திருந்த சீட்டுப் பணம் அது.

"திங்கட்கிழமை குடுத்தா வேண்டாம்னா சொல்லப் போறாங்க அத்தை? நேரமாச்சுங்க."

"கூலி பாக்கிய வெச்சுப்போட்டு நடந்து வந்தா, மாதா மூஞ்சில முழிக்க முடியுமா கண்ணு? அவிய ஊட்லயும் ஞாயித்துக்கெழமை அடுப்பெரியோணுமில்ல."

கூலிக்காரனின் கூலி விடியும்வரை உன்னிடம் தங்கக் கூடாது என்று விவிலியத்தில் லேவியர் ஆகமம் 19ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. கொடுக்காமல் பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு திருமுகம் சொல்கிறது. அத்தை வசன எண்ணெல்லாம் சொல்ல மாட்டார். சாமியார் பிரசங்கத்தில் என்றோ கேட்டதை அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறார். ஒன்பது நாள் நவநாளுக்கும் தவறாமல் போய் உட்கார்கிறவர்களில் எத்தனை பேர் சனிக்கிழமைச் சம்பளத்தை இப்படிக் கொடுக்கிறோம் என்று நான் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே நடந்தேன். திருப்பூரில் வாரச் சம்பளத்தை நம்பிப் பிழைக்கிற எங்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும்.

சோமனூரில் தேநீர், ஒரு சின்னத் தூறல். விடியும் முன்பே கோவில் வந்துவிட்டோம். கூட்டம் அப்போதே நெருக்கம். நெற்றியில் திருநீற்றோடு வந்த குடும்பங்களும் மெழுகுதிரி ஏந்தி வரிசையில் நின்றன. திருப்பலி தொடங்க நேரமிருந்தது. எல்லாரும் மாதா சுரூபத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, எனக்கு அங்கே எப்போதும் நினைவுக்கு வருகிற ஒருவர் உண்டு.

மெல்கியோர் தெ மரியோன் பிரெசில்லாக். பிரான்சில் 1813இல் பிறந்து, 1842இல் புதுச்சேரிக்கு வந்த மிஷன் குரு. கோவை மறைப்பரப்பின், அதாவது கோவை மிஷன் பகுதியின், முதல் ஆயர். 1846 அக்டோபரில் இதே கருமத்தம்பட்டியில்தான் அவரை ஆயராக்கும் திருநிலைப்பாட்டுச் சடங்கு நடந்தது. இந்த மண்ணிலேயே குருக்களை உருவாக்கி, பொறுப்பை அவர்கள் கையில் கொடுக்க வேண்டும் என்பது அவருடைய தீராத ஆசை. கோவை பெரிய கடைவீதியில் இருக்கும் தூய மிக்கேல் பேராலயத்தின் வேலையும் அவர் காலத்தில் தொடங்கியதுதான்.

அப்படிப்பட்டவர் ஏன் கோவையை விட்டுப் போனார்? 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நோபிலி காலத்திலிருந்தே ஒரு கேள்வி இருந்தது: கிறிஸ்தவனாகிறவன் சாதி வழக்கங்களை எவ்வளவு தூரம் வைத்துக்கொள்ளலாம்? பாப்பரசர் பதினான்காம் பெனடிக்ட் 1744இல் ஓர் ஆணையில் அதற்கு எல்லை கட்டினார். மிஷன் குருக்கள் எல்லாரும் அந்த ஆணைக்குக் கீழ்ப்படிவதாகச் சத்தியம் செய்ய வேண்டும். நூறு வருடம் கழித்துப் பிரெசில்லாக் ஆண்டகை பார்த்தபோது, சத்தியம் ஒருபக்கம் இருந்தது, ஊர் நடப்பு இன்னொரு பக்கம் இருந்தது. குருக்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. அவரும் எல்லாவற்றையும் ஒரே வெட்டாக வெட்டச் சொன்னவர் அல்லர்; இந்த மக்களின் வழக்கங்களை மதித்தவர்தான். ஆனால் வாயால் ஏற்ற சத்தியத்துக்கும் கண்முன் நடப்பதற்கும் நடுவில் தலைவராக உட்கார்ந்திருக்க அவர் மனச்சாட்சி இடம் கொடுக்கவில்லை. ரோமாபுரியிடம் தெளிவு கேட்டார். கேட்ட தெளிவு கிடைக்கவில்லை. பதவியை விட்டார், 1855இல் விலகல் ஏற்கப்பட்டது.

கண்டுகொள்ளாமல் இருந்திருந்தால் ஆயராகவே இருந்திருக்கலாம். அடுத்த வருடம் லியோன் நகரில் ஆப்பிரிக்க மிஷன் சபையைத் தொடங்கினார். 1859இல் சியரா லியோனின் ஃப்ரீடவுனில் கரையிறங்கி, ஆறே வாரங்களில் மஞ்சள் காய்ச்சலில் இறந்தார். திருச்சபை 2020இல் அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்திருக்கிறது; புனிதர் பட்டத்துக்குப் போகும் வழியில் அது ஒரு படி. இங்கே வருகிறவர்கள் அவரிடம் ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

ஏனென்றால் அவரைத் துரத்திய கேள்வி நம்மை விட்டு இன்னும் போகவில்லை. ஒரே பீடத்தில் நற்கருணை வாங்குகிறோம். திருமணத் தகவல் தாளில் "கிறிஸ்தவர்" என்று எழுதி, பக்கத்திலேயே சாதியையும் எழுதுகிறோம். இந்திய ஆயர் பேரவை 2016இல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, சாதிப் பாகுபாடு பெரும் பாவம் என்று ஒளிக்காமல் சொல்கிறது. அதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்கிற ஒருவரையாவது நமக்குத் தெரியுமா? பொய் சொன்னேன், கோபப்பட்டேன், பூசைக்கு வரவில்லை என்று சொல்வோம். இதைச் சொல்ல மாட்டோம். "கோவில்ல எல்லாரும் ஒண்ணுதானுங்க, சம்பந்தம்னா வேற" என்று என் சொந்தத்திலேயே சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அந்தப் பேச்சு பொறுக்காது. கிறிஸ்துவின் ஒரே உடலை உண்டுவிட்டு வந்த வாய் அல்லவா அது?

திருப்பலி முடிந்தது, தேர் பார்த்தோம். அத்தை தன் மகனுக்காகவும் மருமகள் வயிற்றுப் பிள்ளைக்காகவும் மெழுகுதிரி ஏற்றினார். இளைய மகனுக்குப் பெண் பார்க்கிற சமயம் அது. சோமனூர் பஸ்ஸுக்கு நிற்கும்போது தரகர் போன் செய்தார். கூட்டத்தின் இரைச்சலில் அத்தை ஸ்பீக்கரில் போட்டார்.

"பொண்ணு படிச்சிருக்குதுங்க, கோயமுத்தூர்ல வேலை. ஆனா நம்ம ஆளுக இல்லீங்க. அதான் கேட்டுப்போட்டுச் சொல்லலாம்னு."

"ஞானஸ்நானம் வாங்குன புள்ளைதானுங்களே?"

"ஆமாங்க."

"பையனுக்குப் புடிச்சு, அந்தப் புள்ளைக்கும் புடிச்சா போதுங்க. வேற எதையும் இனிமே எங்கிட்டக் கேக்காதீங்க."

"பங்காளிக ஏதாச்சும் சொல்லுவாங்களேங்க அம்மா."

"சொல்லட்டுங்க. பத்திரிகை எல்லாத்துக்கும் வெப்பேன். வர்றவங்களுக்கு இல போட்டுச் சோறு உண்டு."

அடுத்த ஞாயிறு பெண் பார்க்கப் போகிறோம். என்னையும் வரச் சொல்லியிருக்கிறார்.