செம்பனை ஓரத்து வீட்டுக்கு எந்த வெள்ளை?

வீட்டுக்குச் சாயம் அடிக்கப் போகிறோம், க்ரீம் கலரில் எது நல்லது என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: ஜன்னலைத் திறந்தால் எதிரே என்ன இருக்கிறது? மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானின், அதாவது குடியிருப்பின், கடைசி வரிசை வீடுகளுக்குப் பின்னால் செம்பனைதான், எண்ணெய் எடுக்கும் பனை, வேலியை ஒட்டியே ஆரம்பித்துவிடும். வெயில் ஏற ஏற அந்த மட்டைகளில் பட்டுத் திரும்பும் வெளிச்சம்தான் சமையலறைக்குள் வருகிறது, அது பச்சை வெளிச்சம். வெறுமனே நிற்கும்போது தெரியாது. சுவரில் வெள்ளைக்குப் பக்கத்தில் ஏதாவது நிறம் வந்த பிறகுதான் தெரியும், அதுவும் மஞ்சள் தட்டும் வெள்ளையாக இருந்தால் சுவர் காமாலை கண்ட மாதிரி ஆகிவிடும்.

ஆகவே எங்கள் பக்கத்து வீடுகளுக்கு நான் சொல்வது, துளி சிவப்பு தட்டும் ஆஃப் ஒயிட். ரோஸ் கலர் இல்லை, பயப்பட வேண்டாம். கடையில் காட்டும் கலர் அட்டையில் பார்த்தால் சிவப்பு இருப்பதே தெரியாது. வெளியிலிருந்து வரும் பச்சையை அந்தத் துளி சிவப்பு அடித்துவிடும், சுவர் சாதாரணமாக, இதமான வெள்ளையாக நிற்கும்.

கடையில் இந்த நிறங்களை எப்படிக் கலக்குகிறார்கள் என்று தெரிந்தால் தேர்ந்தெடுப்பது சுலபம். டின்னில் முதலில் இருப்பது வெள்ளைச் சாயம்தான். டைட்டானியம் டைஆக்சைடு என்கிற தூள்தான் அந்த வெள்ளையைக் கொடுக்கிறது. கலக்கும் மெஷின் அதற்குள் மஞ்சள் ஆக்சைடு கொஞ்சம், சிவப்பு ஆக்சைடு கொஞ்சம், சில நிறங்களுக்குக் கறுப்பும் கொஞ்சம் சொட்டுகிறது. மஞ்சளோடு கறுப்பு சேர்ந்தால் பச்சைப் பக்கம் சாயும். மஞ்சளோடு சிவப்பு சேர்ந்தால் பீச் பக்கம் போகும். இரண்டுமே அட்டையில் ‘க்ரீம்’தான். கடை முதலாளியான தவுக்கேயிடம் இதில் என்னென்ன போகிறது என்று கேளுங்கள், கம்ப்யூட்டரில் பார்த்துச் சொல்வார். கேட்கக் கூச்சமாக இருந்தால் ஒரு ஏ4 தாளை அட்டைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், சுத்த வெள்ளை பக்கத்தில் வந்ததும் ஒளிந்திருக்கும் நிறம் வெளியே வந்துவிடும்.

சாம்பிளை நேராகச் சுவரில் தடவுவது எனக்குப் பிடிக்காது, பழைய நிறம் சுற்றிலும் நின்று கண்ணை ஏமாற்றும். பெரிய மணிலா அட்டை ஒன்றில் இரண்டு கோட் அடித்துக் காயவைத்து, ஹாலில், அறையில், சமையலறையில் என்று மாற்றி மாற்றி ஒட்டிவையுங்கள். காலையில் பாருங்கள், மழைக்கு முன் வானம் இருட்டும்போது பாருங்கள், ராத்திரி லைட் போட்டும் பாருங்கள்.

லைட்டைப் பற்றி நிறையவே சொல்லவேண்டும். நம் வீடுகளில் பெரும்பாலும் ‘டேலைட்’ என்று எழுதிய 6500 கெல்வின் விளக்குதான், நீலம் தட்டும் வெள்ளை. அதன் கீழ் க்ரீம் கலர் எதுவானாலும் செத்துப்போய்ச் சாம்பலாகத் தெரியும். 3000 கெல்வின் போட்டால் அதே சுவர் மஞ்சளாகக் குளிக்கும். நடுவில் 4000 கெல்வின் இருக்கிறது, அதையே ஹாலுக்கு நான் சொல்வேன். சாயத்தை மாற்றுவதற்கு முன் பல்பை மாற்றிப் பாருங்கள், சில வீடுகளில் அதுவே போதும்.

இன்டர்நெட்டில் படிப்பதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். வடக்கு பார்த்த அறையில் குளிர்ந்த வெளிச்சம், தெற்கு பார்த்த அறையில் இதமான வெளிச்சம் என்று எழுதியிருப்பார்கள். அது இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் சரி. நம் ஊர் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஐந்து பாகைக்கும் குறைவு. ஏறக்குறைய ஏப்ரல் தொடக்கத்திலிருந்து செப்டம்பர் வரை நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது, மற்ற மாதங்களில் தெற்கே. வடக்கு, தெற்கு என்று இங்கே பெரிய வித்தியாசம் கிடையாது. கிழக்கு மேற்குதான் விஷயம். மேற்கு பார்த்த ஹாலில் நாலு மணிக்கு மேல் வெயில் நேராக உள்ளே வந்து சுவர் ஏற்கெனவே பொன்னிறமாக இருக்கும், அங்கே இன்னும் மஞ்சள் சேர்த்தால் தாங்காது.

வரிசை வீட்டில் நடுவில் மாட்டிக்கொண்ட வீடு என்றால் வெளிச்சம் முன்னாலும் பின்னாலும் மட்டும்தான், நடு ஹால் பகலிலேயே மங்கல். அதற்கு எல்ஆர்வி என்ற எண்ணைப் பாருங்கள், சுவர் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பித் தருகிறது என்பதற்கான கணக்கு, 0 என்றால் கறுப்பு, 100 என்றால் முழு வெள்ளை. நடு ஹாலுக்கு 80க்குக் கீழே போகாதீர்கள்.

அம்மாவுக்கு இந்த நிறமே பிடிக்கவில்லை. “ஏன்டி, காசு குடுத்து அழுக்கு வெள்ளையா வாங்குற?” என்றார். அவர் வளர்ந்தது தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில். தீபாவளிக்கு முன் சுண்ணாம்பில் துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்துப் போட்டு அடிப்பார்கள், வெயிலில் கண் கூசும். நீலம் மஞ்சளை மறைக்கும், அதனால் வெள்ளை இன்னும் வெள்ளையாகத் தெரியும். அந்தக் கண்ணுக்கு க்ரீம் பழசாகத்தான் படும், அதில் தப்பே இல்லை. அவர் அறைக்கு மட்டும் சுத்த வெள்ளையே அடித்தோம், அறை அழகாகத்தான் இருக்கிறது.

தரையையும் மறந்துவிடாதீர்கள். எங்கள் ஹாலில் பழைய சிவப்புச் சிமெண்ட் தரை, மெழுகு போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று இருக்கும். கதவு திறந்திருக்கும்போது சுவரின் கீழ்ப் பாதியைக் கவனித்தால் முழங்கால் உயரம் வரைக்கும் லேசான செம்மை ஏறியிருக்கும், மேலே போகப் போகக் குறையும். இந்த மாதிரித் தரை இருந்தால் முன் ஹாலுக்குச் சிவப்பு இன்னும் குறைவான வெள்ளை போதும். சாம்பல் டைல்ஸ் என்றால் கொஞ்சம் கூடவே தாங்கும். அப்புறம், சீலிங்கைப் பளிச் வெள்ளையாக விட்டால் சுவர் இன்னும் மஞ்சளாகத் தெரியும். சீலிங்குக்கும் அதே நிறத்தை அடித்துவிடுங்கள்.

சாமி மேடைக்கு மேலே எண்ணெய் விளக்குப் புகையும் சாம்பிராணிப் புகையும் சேர்ந்து பழுப்பாக ஒரு வட்டம் வரும். க்ரீம் அதை மறைக்கும் என்று நினைக்கிறார்கள், மறைக்காது. அந்த ஒரு சுவருக்கு மட்டும் துடைக்கக்கூடிய, லேசான மினுக்கு உள்ள சாயம் வாங்குங்கள். மற்ற இடங்களுக்கு மினுக்கே இல்லாத மேட் சாயம் நல்லது. பிள்ளைகள் கிறுக்கிய இடத்தில் திரும்பத் தடவினாலும் திட்டுத் தெரியாது.

அடிக்கும் நேரம்: எல்லோரும் தீபாவளிக்கு முன்தான் ஓடுகிறோம், அக்டோபரில் பேராக்கில் தினமும் சாயங்காலம் இடிமழை. ஜூன், ஜூலையில் மழை குறைவு, அப்போது முடித்துவிட்டால் சுவர் நன்றாகக் காயும். பாசி பிடித்த இடத்தைக் குளோராக்ஸ் ப்ளீச் கலந்த தண்ணீரில் கழுவிக் காயவைக்க வேண்டும், அப்படியே மேலே அடித்தால் கறுப்புப் புள்ளி திரும்ப வரும். புதிதாகப் பூசிய சிமெண்டை ஒரு மாதம் சும்மா விட்டு, பிறகு சீலர் என்கிற அடிப்பூச்சை அடித்துத்தான் சாயம். குளியலறைச் சுவருக்கு மறுபுறம் கொப்புளம் இருந்தால் குழாய் ஒழுகலாம், முதலில் பிளம்பரைக் கூப்பிடுங்கள்.

கணக்கு இப்படி: ஒரு லிட்டர் ஒரு கோட்டுக்குச் சுமாராக 10 சதுர மீட்டர் வரும். 40 சதுர மீட்டர் சுவருக்கு இரண்டு கோட் என்றால் 8 லிட்டர், 5 லிட்டர் டின் இரண்டு. இரண்டையும் ஒரே பெரிய வாளியில் ஊற்றிக் கலந்து அடியுங்கள், மெஷினில் கலந்தாலும் டின்னுக்கு டின் நூலளவு மாறும், ஆஃப் ஒயிட்டில் அது பட்டென்று தெரியும். மூடியில் ஒட்டியிருக்கும் கலவை விவர ஸ்டிக்கரைப் போனில் படம் எடுத்து வையுங்கள்.

இதையெல்லாம் வீட்டுக்கு உள்ளே மட்டும் செய்யுங்கள். முன் சுவருக்கு க்ரீம் வேண்டாம் என்பேன். நம் ஊர்ச் செம்மண் மழையில் தெறித்துக் கீழே ஒரு பட்டையாக ஏறும், எவ்வளவு தேய்த்தாலும் போகாது. தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்கு வெளிச்சுவர்ச் சாயத்தில் காப்பிக்கொட்டை நிறம் எடுத்து அடித்துவிட்டு, அதற்கு மேலே உங்களுக்குப் பிடித்த வெள்ளையை வைத்துக்கொள்ளுங்கள்.