“சும்மா இருங்க” என்று சொன்னது

“அப்போ எதைத்தான் சார் கவனிக்கிறது?” என்று கேட்டார் திறந்த விழிப்புணர்வுத் தியானம் சொல்லித்தரும் என் வகுப்பில், மூன்றாம் நாள் ஒருவர். “எதையும் வேண்டாம், சும்மா இருங்க” என்றேன். இருபது நிமிடம் கழித்துக் கண்ணைத் திறந்தவர், “அருமை சார், வீட்டு லோன் கணக்கையே முடிச்சிட்டேன்” என்றார்.

என் பதில் தப்பில்லை. திறந்த விழிப்புணர்வில் மூச்சு, மந்திரம் என்று பிடித்துக்கொள்ளப் பொருள் கிடையாது; வருவதை வருகிறது என்று தெரிந்துகொண்டிருப்பதுதான். சிந்தனையாளர் ஜே. கிருஷ்ணமூர்த்தி இதைத் தேர்வற்ற விழிப்புணர்வு என்றார். முறை, பயிற்சி எதையும் அவர் ஏற்கவில்லை. ஆனால் தமிழில் ‘சும்மா’ என்றால் பாதிப் பேருக்குப் பகல் கனவுதான். லோன் நினைப்பு ஓடுவது தெரிந்துகொண்டே இருந்தால் தியானம். வட்டி எட்டரையா ஒன்பதா என்று உள்ளே இறங்கிவிட்டால் வெறும் கணக்கு. இந்த ஒரு வரியையாவது முன்பே சொல்லியிருக்கலாம். மூன்றாம் நாளில் இருபது நிமிடமும் அதிகம். பத்துப் பன்னிரண்டு போதும்.

1979-இல் மாசசூசெட்ஸில் ஜான் கபாட்-ஜின் தொடங்கிய, மன அழுத்தம் குறைக்கும் தியானப் பயிற்சியிலும் மூச்சு, உடம்பு, ஒலி, எண்ணம் எல்லாம் கடந்த பிறகே திறந்த விழிப்புணர்வு வரும். அதனால் அடுத்த வகுப்பில் படிகள் வைத்தேன். பாதம் தரையில் பதிய, முதுகு சாயாமல் உட்கார வேண்டும். கண் பாதி திறந்து, பார்வை நாலடி தள்ளித் தரையில். ஐந்து நிமிடம் அடிவயிற்றில் மூச்சைக் கவனிப்பது. பிறகு இரண்டு நிமிடம் ஒலி மட்டும்: மின்விசிறி, தெரு ஹாரன். தேடிப் போகாமல், தானாக வந்து காதில் விழட்டும். இன்னும் இரண்டு நிமிடம் உடம்பு. கடைசி மூன்று நிமிடம்தான் எல்லாவற்றையும் விடுவது. கவனம் தொலைந்துபோனால், இழுத்துக்கொண்டு போனதற்கு மனதுக்குள் ஒரு சொல்லில் பேர்: “யோசனை”, “சத்தம்”, “அரிப்பு”. இரண்டாவது சொல் சேர்ந்தால் வர்ணனை ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். தூக்கம் வந்தால் கண்ணை முழுக்கத் திறக்கலாம். படபடப்பு வந்தால் மல்லுக்கட்டாமல் கவனத்தைப் பாதத்துக்குக் கொண்டுவர வேண்டும். அடங்காவிட்டால் அன்றைக்கு எழுந்துவிடுவதே நல்லது.

படி வைத்தாலும் சிக்கல்தான். மூச்சில் கவனத்தை வைத்தவர்கள் அதை விடுவதே இல்லை. லோன்காரர் எதையும் பிடிக்காமலாவது இருந்தார். ஒருவேளை அவருக்குத் தேவைப்பட்டது நான் சொல்லாமல் விட்ட அந்த ஒரு வரி மட்டும்தானோ?

வகுப்பு முடிந்ததும் ஓர் அம்மா வந்து, “சத்தத்துக்கு ரெண்டு நிமிஷம் ஆச்சா ஆகலையான்னே மனசு ஓடுது சார்” என்றார். அதற்கும் “யோசனை” என்றே பேர் வைக்கச் சொன்னேன். தலையாட்டினார். முகம் தெளியவில்லை.