707-ஆ, 702-ஆ?

ஒரு சின்ன விமான நிலையத்துக்கும் ஒரு ராணுவ விமானத் தளத்துக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று கண்டுபிடிக்க எனக்கு மூன்று ராத்திரி ஆனது. இணையத்தில் தட்டினால் ஒரு நொடியில் வந்துவிடுமே என்பீர்கள். வந்தது. ஒரு இடத்தில் 1,300 என்றிருந்தது, இன்னொன்றில் 808, மூன்றாவதில் 702. எதை நம்புவது?

இரண்டும் தென் அட்லாண்டிக் கடலில் இருக்கின்றன. சின்னது, நெப்போலியனைச் சாகும்வரை வைத்திருந்த செயின்ட் ஹெலினா தீவில். அங்கே 2017 அக்டோபரில்தான் முதல் பயணிகள் விமான சேவை தொடங்கியது. ராணுவத் தளம் அசென்ஷன் தீவில். 1942-ல் அமெரிக்கர்கள் போட்ட ஓடுதளம், பெயர் வைட்அவேக். அங்கே கூட்டம் கூட்டமாக வந்து முட்டையிட்டு, தூங்கவிடாமல் கத்தும் ஒரு கடற்பறவைக்கு அந்தப் பெயர். ராணுவத் தளத்துக்குப் பறவை பெயர் என்பதாலேயே எனக்கு அதன் மேல் ஒரு பிடிப்பு.

மூன்று எண்களும் சரிதான் என்று புரிய ஒரு ராத்திரி போனது. 1,300 என்பது கிலோமீட்டர், 808 தரை மைல், 702 கடல் மைல். அலகைப் போடாமல் எண்ணை மட்டும் போடுகிறவர்களை என்ன சொல்ல! கடல் மைல் என்றால் 1,852 மீட்டர். அட்சரேகையில் ஒரு டிகிரியை அறுபதாகப் பிரித்தால் ஒரு பங்கு கிட்டத்தட்ட அவ்வளவு வரும். அதனால் தாளில் கணக்குப் போட அதைவிட வசதியான அலகு கிடையாது.

சரி, நாமே போட்டுப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். வினாடிகளை விட்டுவிட்டால், செயின்ட் ஹெலினா தெற்கே 15 டிகிரி 57 நிமிடம், மேற்கே 5 டிகிரி 38 நிமிடம். அசென்ஷன் தெற்கே 7 டிகிரி 58, மேற்கே 14 டிகிரி 23. கால்குலேட்டரில் 15.57, 7.58, 5.38, 14.23 என்று அடித்தேன். அட்சரேகை வித்தியாசம் ஒரு பக்கம். தீர்க்கரேகை வித்தியாசத்தை நடு அட்சரேகையின் கொசைனால் பெருக்கினால் இன்னொரு பக்கம். அப்புறம் பள்ளிக்கூடத்துப் பிதாகரஸ். விடை 11.79 டிகிரி. அறுபதால் பெருக்க, 707.

702-க்கு 707. உருண்டை பூமியைத் தட்டையாக வைத்துப் போட்ட கணக்கு, ஐந்து மைல் தப்புவது சகஜம் என்று என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டு தூங்கப் போனேன்.

மறுநாள் அந்த எண்களை அப்படியே வரைபடத்தில் குத்தினேன். செயின்ட் ஹெலினா விமான நிலையம் நடுக்கடலில், தீவுக்கு வடகிழக்கே ஐம்பது கிலோமீட்டர் தள்ளி மிதந்தது. அசென்ஷனும் தண்ணீரில்தான். அப்போதுதான் உறைத்தது: 57 நிமிடம் என்பது .57 டிகிரி அல்ல, 57-ஐ அறுபதால் வகுக்க வேண்டும், .95. இரண்டு தீவுகளையும் ஏறக்குறைய ஒரே பக்கம் நகர்த்தியிருந்ததால் நடுவே உள்ள தூரம் மட்டும் கெடாமல் தப்பித்தது. தப்பு தப்பாகவே தெரிந்திருந்தால் அன்றைக்கே பிடித்திருப்பேன். திருத்திப் போட்டதும் 702 சுளையாக வந்தது. அதாவது, என் தட்டைப் பூமியின் மேல் ஒரு குற்றமும் இல்லை.

பாதை என்று பார்த்தால் சுலபம். நிலத்தில் ராணுவத் தளத்துக்குப் போகும் பாதை, தடை செய்யப்பட்ட வான்பகுதிகளைச் சுற்றிச் சுற்றி வளையும். இங்கே நடுவே வெறும் கடல். வடமேற்கே கிட்டத்தட்ட ஒரே கோடு. வடக்கிலிருந்து வலப்பக்கமாக அளந்தால், கிளம்பும்போது 312 டிகிரி, போய்ச் சேரும்போது 314. பூமியின் வளைவு கேட்கிற திருத்தம் இரண்டே டிகிரி. காம்பஸ் முள் அந்தப் பகுதியில் உண்மையான வடக்கிலிருந்து பத்து டிகிரிக்கும் மேல் விலகி நிற்கும், அதற்கான திருத்தம் இதைவிடப் பெரிது.

ஆனால் அந்த வெறும் கடல்தான் கஷ்டமே. செயின்ட் ஹெலினா ஓடுதளம் சுமார் 300 மீட்டர் உயரச் செங்குத்துப் பாறைக்கு மேலே இருக்கிறது. கடல்காற்று அந்தப் பாறையில் மோதிச் சுழல்வதால், ஓடுதளம் தயாரான பிறகும் திறப்பு தள்ளிப்போனது. ஆப்பிரிக்கக் கரையில் வால்விஸ் பே-யிலிருந்து 2,200 கிலோமீட்டருக்கு மேல் பறந்து வந்த விமானம் காற்றால் இறங்க முடியாமல் போனால், அடுத்த ஓடுதளம் எது? இதே அசென்ஷன், இதே 702 கடல் மைல். தீவின் தலைக்கு மேல் வரும்போதும் இன்னொரு பயணத்துக்கான எரிபொருள் தொட்டியில் இருக்க வேண்டும். எடையைக் குறைக்கத் தொடக்கத்தில் எல்லா இருக்கைகளிலும் ஆள் ஏற்றவில்லை.

எரிபொருள் மட்டும் இருந்தால் போதாது, அனுமதியும் வேண்டும். அது ராணுவத் தளம். நினைத்தபோது போய் இறங்க முடியாது. இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை ஒன்று உண்டு. 1982 ஃபாக்லாந்து போரில் பிரிட்டனின் வல்கன் குண்டுவீச்சு விமானங்கள் கிளம்பியது இங்கிருந்துதான். 3,000 மீட்டருக்கு மேல் நீளமுள்ள அந்த ஓடுதளம் தேய்ந்துபோய் 2017-ல் பெரிய விமானங்கள் இறங்கக் கூடாது என்றாகிவிட்டது. 2,000 மீட்டர் கூட இல்லாத செயின்ட் ஹெலினாவிலிருந்து நடுத்தர ஜெட் ஒன்று, அதே வருடம் நவம்பரிலிருந்து மாதம் ஒருமுறை அங்கே போய் வரத் தொடங்கியது.

பறக்கும் நேரம் இரண்டு மணிக்குள்தான். இரண்டு தீவிலும் கிரீன்விச் நேரமே என்பதால் கைக்கடிகாரத்தைத் தொட வேண்டாம். ஆனால் தீர்க்கரேகையில் 8.75 டிகிரி மேற்கே வந்திருப்பதால், அசென்ஷனில் உச்சிவெயில் 35 நிமிடம் தாமதமாக வரும். இந்த 35-ஐயும் தாளில்தான் போட்டேன். நிமிடங்களை அறுபதால் வகுத்துவிட்டு.