இனிஷியலால் நின்றுபோன இன்ஸ்பயர் பணம்

2017-இல் பிளஸ் டூ முடித்ததும் பி.எஸ்சி. இயற்பியல்தான் என்று பிடிவாதமாக நின்றேன். "இன்ஜினியரிங்னா கடன் வாங்கியாவது படிக்க வைப்பேன். இதைப் படிச்சா என்னம்மா வேலை கிடைக்கும்?" என்றார் அப்பா. கல்லூரியில் சேர்ந்த பிறகு துறைத்தலைவர் சொன்ன தகவல்தான் அவரைக் கொஞ்சம் அசைத்தது. மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை 2008-இல் தொடங்கிய இன்ஸ்பயர் திட்டத்தில், பிளஸ் டூவில் தங்கள் போர்டின் முதல் 1 சதவீதத்துக்குள் வந்தவர்கள் அடிப்படை அறிவியல் படித்தால் ஆண்டுக்கு 80,000 ரூபாய். 60,000 செலவுக்கு, 20,000 கோடை விடுமுறை ஆய்வுக்கு. பொறியியல், மருத்துவம் படிப்பவர்களுக்கு இது கிடையாது.

விண்ணப்பம் முழுக்க ஆன்லைனில்தான். கல்லூரிச் சான்றில்தான் முதலில் சறுக்கினேன். ஆபீசில் வழக்கமாகக் கொடுக்கும் போனஃபைட் போதும் என்று நினைத்துவிட்டேன். அது செல்லாது, திட்டத்தின் இணையதளத்தில் இருக்கும் படிவத்தையே பிரின்ட் எடுத்து, முதல்வரிடம் கையெழுத்தும் சீலும் வாங்க வேண்டும். இதைக் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள்.

தேர்வான கடிதம் வந்தது, பணம் வரவில்லை. மார்க்‌ஷீட்டில் என் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்து இனிஷியல். பாஸ்புக்கிலோ அப்பா பெயர் முழுதாக என் பெயருக்குப் பின்னால். நம் ஊரில் பாதிப் பேருக்கு இப்படித்தான் இருக்கும். வங்கிக்கு மூன்று முறை நடந்தேன். இரண்டு முறை "அப்புறம் வாங்க" என்று அனுப்பினார்கள். மூன்றாம் முறை மார்க்‌ஷீட், ஆதார், தேர்வுக் கடிதம் மூன்றையும் எடுத்துப்போய் மேனேஜரையே பார்த்தேன். மாற்றிக் கொடுத்தார். கணக்கு தொடங்கும்போதே மார்க்‌ஷீட்டில் உள்ளபடி பெயரை எழுதியிருந்தால் அத்தனை மாதம் வீணாகியிருக்காது.

அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் மதிப்பெண் பட்டியலை ஏற்றினால்தான் அடுத்த தவணை. 20,000 வேண்டுமானால் வழிகாட்டி கையெழுத்திட்ட ஆய்வறிக்கையும் வேண்டும். நான் எங்கள் ஆய்வகத்திலேயே மீயொலி இன்டர்ஃபெராமீட்டரை (காதுக்குக் கேட்காத ஒலியைத் திரவத்துக்குள் செலுத்தி அதன் அலைநீளத்தை அளக்கும் கருவி) வைத்து, தேங்காய் எண்ணெயில் பாமாயில் கலந்தால் ஒலியின் வேகம் எப்படி மாறுகிறது என்று ஆறு வாரம் அளந்தேன். கருவியின் திருகாணியைச் சுற்றி, மீட்டரின் முள் உச்சத்துக்குப் போகும் ஒவ்வொரு இடத்தையும் குறிக்க வேண்டும். அடுத்தடுத்த இரண்டு உச்சங்களுக்கு நடுவே அரை அலைநீளம். அதிலிருந்துதான் வேகத்தைக் கணக்கிட வேண்டும். பாடப் புத்தகத்தில் படித்த அலை கைக்கு அகப்பட்டது அன்றைக்குத்தான்.

அந்த ஆய்வுக்குக் கலப்படமில்லாத எண்ணெய் வேண்டும் என்றதும், அப்பா தானே செக்குக்குப் போய் நின்று ஆட்டி வாங்கிவந்தார்.