அடகுச் சீட்டு தொலைந்து நாங்கள் அலைந்த அலைச்சல்

அம்மாவின் நாலு பவுன் சங்கிலி போன வருடத்திலிருந்து அடகில் இருந்தது. திருப்பப் பணம் சேர்த்துவிட்டோம். பீரோவைத் திறந்தால் சீட்டைக் காணோம். அடகுக் கடையில் ஒரு வருடம் ஏழு நாள் கணக்கு. அந்த ஏழு நாளையும் சேர்த்தே எங்களுக்கு ஒன்பது நாள்தான் பாக்கி. தாண்டினால் ஏலம், நகை மூழ்கிவிடும். அம்மா அன்றிரவு சாப்பிடவில்லை.

கடையில் சொன்னதும், "சீட்டு இல்லாம நகை தர மாட்டோம். அஃபிடவிட்டும் ஸ்டேஷன்ல சிஎஸ்ஆரும் வாங்கிட்டு வாங்க" என்றார் கணக்கு எழுதுகிறவர். அஃபிடவிட் என்றால் சத்தியம் செய்து எழுதித் தரும் பிரமாணப் பத்திரம், சிஎஸ்ஆர் என்றால் மனு கொடுத்ததற்கு ஸ்டேஷனில் தரும் ரசீது. பத்திரத்தில் என்ன எழுத வேண்டும், யார் எழுதித் தர வேண்டும் என்று கேட்டேன். "வக்கீலுக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வீட்டில் பழைய 20 ரூபாய் முத்திரைத்தாள் ஒன்று கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு நோட்டரியிடம் போனால், 2024 மே மாதத்திலிருந்து பிரமாணப் பத்திரத்துக்கு 200 ரூபாய்த் தாள் வேண்டும் என்றார். சரி என்று என் பெயரில் ஒன்று வாங்கி, டைப் செய்து, கையெழுத்துப் போட்டு, முத்திரையோடு கடைக்கு ஓடினேன். கணக்கு எழுதுகிறவர் பத்திரத்தைப் பார்த்துவிட்டு, "அடகு வெச்சது உங்கம்மா. நீங்க எப்படி சத்தியம் பண்ணித் தர முடியும்?" என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் இதை முதல் நாளே சொல்லியிருந்தால் தாள் காசு, நோட்டரி காசு, அரை நாள் லீவு எல்லாம் மிஞ்சியிருக்கும். இன்னும் ஆறவில்லை எனக்கு.

ஸ்டேஷனில் வேறு கதை. "நகை தொலையலையே, சீட்டுதானே" என்று முதல் தடவை திருப்பி அனுப்பிவிட்டார்கள். காவல்துறை இணையத்தில் தரும் தொலைந்த ஆவண அறிக்கை பாஸ்போர்ட், லைசென்ஸ், ஆர்.சி., மதிப்பெண் சான்றிதழ் மாதிரியானவற்றுக்குத்தான். அடகுச் சீட்டுக்கு அதில் இடமில்லை. மறுநாள் சீட்டு எண், தேதி எல்லாம் போட்டு மனுவாக எழுதிக் கொடுத்த பிறகுதான் சிஎஸ்ஆர் ரசீது கிடைத்தது.

சீட்டே இல்லாதபோது எண் எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். கடையின் அடகுப் புத்தகத்தில் எண், தேதி, எடை, கடன் தொகை எல்லாம் இருக்கும். விடாமல் கேளுங்கள், எழுதித் தருவார்கள். பத்திரத்தில் அந்த விவரங்களோடு இன்னும் மூன்று விஷயம் வர வேண்டும்: சீட்டை யாருக்கும் விற்கவோ மாற்றிக் கொடுக்கவோ இல்லை, பின்னால் கிடைத்தால் கடையில் ஒப்படைப்பேன், வேறு யாராவது உரிமை கேட்டு வந்தால் நானே பொறுப்பு. எங்களிடம் இதைத்தான் கேட்டார்கள்.

இரண்டாவது தடவை தாளையும் அம்மா பெயரிலேயே வாங்கினோம். நோட்டரி ஆபீஸ் மாடியில். அம்மாவுக்கு முட்டிவலி, ஏற முடியாது. ஆனால் நோட்டரி முன்னால்தான் கையெழுத்துப் போட வேண்டும். விஷயத்தைச் சொன்னதும் அந்த மனிதர் தானே கீழே இறங்கி வந்து, ஆதாரைப் பார்த்து, பத்திரத்தை அம்மாவுக்கு வரிவரியாகப் படித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வாங்கினார். அந்த ஒன்பது நாளில் எங்களை மனிதராக நடத்தியவர் அவர் ஒருவர்தான்.

நான் உருப்படியாகச் செய்த ஒரு காரியம் உண்டு. முதல் நாள் மாலையே, சீட்டு தொலைந்துவிட்டது, யார் கொண்டுவந்தாலும் நகையைக் கொடுக்காதீர்கள், ஏலத்துக்கும் அனுப்பாதீர்கள் என்று அம்மா கைப்பட ஒரு கடிதம் எழுத வைத்து, கடையில் கொடுத்து, நகலில் சீல் வாங்கி வைத்தேன். எட்டாம் நாள் கடையில் "தவணை முடியப் போகுதே" என்று இழுத்தபோது அந்த நகலைத்தான் மேசையில் வைத்தேன். பேச்சு அதோடு நின்றது.

அசல் பத்திரத்தைக் கடையே வைத்துக்கொள்ளும், கொடுக்கும் முன் ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். நகையைக் கண்முன்னே எடை போடச் சொல்லுங்கள். எங்களுக்கு எடை சரியாக இருந்தது. அம்மா சங்கிலியைப் பர்ஸில் வைக்கவில்லை, அங்கேயே கழுத்தில் போட்டுக்கொண்டாள்.